இரு மருத்துவங்களை ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்த தஞ்சை மன்னர்

கேலாங் சாலையில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். டுரியான் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் தாண்டினால், பழைய கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் சீன மருந்துக் கடைகள் தென்படும். சுவர் முழுக்கச் சிறு சிறு மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேர், பட்டை அல்லது உலர்ந்த பூ. அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் குடும்ப மருத்துவரின் மருந்தகம். அங்கே ரத்த அழுத்தக் கருவி, கணினி, மாத்திரைப் பைகள்.

பாட்டி ஒருவர் காலையில் குடும்ப மருத்துவரிடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறார். மாலையில் முழங்கால் வலிக்குச் சீன மருத்துவரிடம் ஊசி குத்திக்கொள்கிறார். இது இங்கே யாருக்கும் புதிதல்ல. நம் வீடுகளிலும் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் நிலவேம்புப் பொடி இருக்கும். ஆனால் அந்த இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா? முதலாமவர் கொடுத்த மருந்து என்னவென்று இரண்டாமவருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வி இன்றைக்குத்தான் எழுந்தது என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூரில் ஓர் அரசர் இதற்கு விடை தேடினார். நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவம் அறிந்தவர்களையும் அவர் ஒரே நிலையத்தில் பணியாற்ற வைத்தார். அவர் பெயர் இரண்டாம் சரபோஜி.

அரியணையை இழந்த சிறுவன்

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்தார். அப்போது தஞ்சாவூரை ஆண்டது மராட்டிய போன்ஸ்லே குலம். மன்னர் துளஜாஜிக்கு வாரிசு இல்லை. 1787இல், தம் இறுதி நாள்களில், அதே குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியை அவர் தத்தெடுத்தார். சில நாள்களில் மன்னர் காலமானார்.

சிறுவனுக்குப் பாதுகாவலராக இருக்க வேண்டிய சித்தப்பா அமர்சிங், தத்தெடுப்பு செல்லாது என்று வாதிட்டுத் தாமே அரியணையில் அமர்ந்தார். அரண்மனைக்குள் சரபோஜியின் நிலை மோசமானது. படிக்க வசதி இல்லை, வெளியே போகவும் சுதந்திரம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்ற அச்சமும் இருந்தது.

அப்போது கைகொடுத்தவர் கிறிஸ்டியன் ஃபிரடரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். துளஜாஜி உயிரோடு இருந்தபோதே சிறுவனைக் கவனித்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்டிருந்தார். அவருடைய முயற்சியால் 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாதிரியார்களின் மேற்பார்வையில் ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் கற்றார். மராத்தி, சமஸ்கிருதம், தமிழ் ஆகிய மொழிகளோடு ஐரோப்பிய மொழிகளும் அவருக்கு அறிமுகமாயின.

பதின்ம வயதில் கிடைத்த இந்தக் கல்விதான் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது. இரண்டு உலகங்களின் நூல்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் பழக்கம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது.

தத்தெடுப்பு செல்லும் என்று பிறகு முடிவாகி, 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். அந்த நாளைக் காண சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்னர் அவர் காலமாகிவிட்டார். தம் ஆசானுக்காக லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சரபோஜி செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூர்த் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் ஆசானை இளைய மன்னர் பார்க்க வந்த காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது.

ஆட்சி இல்லாத அரசர்

அரியணை கிடைத்தது; ஆனால் நாடு நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1799இல், கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னருக்கு மிஞ்சின. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு வழங்கப்படும் என்று ஏற்பாடானது.

அவருக்கு அப்போது வயது 22. வரி விதிக்க முடியாது, படை திரட்ட முடியாது, சட்டம் இயற்ற முடியாது. அந்த நிலையில் இருந்த பல சிற்றரசர்கள் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலத்தைக் கழித்தார்கள். சரபோஜி தமக்குக் கிடைத்த பணத்தை நூல்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் செலவிட்டார்.

1805இல் தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தை நிறுவினார். மராத்தி, சமஸ்கிருத நூல்களைத் தேவநாகரி எழுத்தில் அச்சிட்ட தென்னிந்தியாவின் முதல் அச்சகம் அது. ஈசாப்பின் நீதிக்கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. நாயக்கர் காலத்திலிருந்தே இருந்துவந்த அரண்மனை நூலகத்தைப் பெருமளவில் வளர்த்தார். இன்று அது சரசுவதி மகால் நூலகம் என்று அவர் பெயரோடு சேர்த்து அழைக்கப்படுகிறது. 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை சென்றபோதும் வழியெங்கும் சுவடிகளைச் சேகரித்தார்.

அந்த நூலகத்தில் ஆயுர்வேத, சித்த மருத்துவச் சுவடிகளோடு ஐரோப்பாவில் அச்சான உடற்கூற்றியல், அறுவை சிகிச்சை நூல்களும் இருந்தன. மனித உடலின் அமைப்பைக் கற்க யானைத் தந்தத்தில் செதுக்கிய எலும்புக்கூடு ஒன்றையும் மன்னர் வைத்திருந்தார்.

தன்வந்திரி மகால்

மருத்துவக் கடவுளின் பெயரால் சரபோஜி நிறுவியதுதான் தன்வந்திரி மகால். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது, மருந்து தயாரிப்பது, ஆராய்ச்சி செய்வது என்று மூன்று வேலைகளும் அங்கே நடந்தன. மனிதர்களுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் அங்கே மருந்து செய்யப்பட்டது.

அங்கே பணியாற்றியவர்கள் யார் என்பதுதான் அதைவிட முக்கியம். சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யுனானி வைத்தியர், ஐரோப்பிய மருத்துவம் அறிந்தவர் ஆகிய நான்கு தரப்பினரும் ஒரே நிலையத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் என்பது பெரும்பாலும் குடும்பச் சொத்து. தந்தை மகனுக்குச் சொல்வார். அந்நியருக்குச் சொல்ல மாட்டார். நல்ல மருந்துச் செய்முறை ஒன்று, அதை அறிந்தவரோடு சேர்ந்து சிதையில் எரிந்துபோவதும் உண்டு.

இந்த வழக்கத்தைத் தன்வந்திரி மகால் மாற்றியது. செய்முறைகள் திரட்டப்பட்டன. நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்து, பலன் தந்தவை எழுதி வைக்கப்பட்டன. எழுதினால் மட்டும் போதுமா? எளிய வைத்தியர்களின் நினைவிலும் நிற்க வேண்டுமே. அதற்காகப் புலவர்களைக் கொண்டு அந்தச் செய்முறைகள் தமிழ்ப் பாடல்களாக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவை தொகுக்கப்பட்டன. கண் நோய், காய்ச்சல், நீரிழிவு என்று நோய்வாரியாக அவற்றைச் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் நூல்களாக வெளியிட்டது. சரபேந்திரர் என்பது சரபோஜியின் மற்றொரு பெயர்.

மூலிகைகளை வண்ண ஓவியங்களாக வரைந்து வைக்கவும் மன்னர் ஏற்பாடு செய்தார். இது அழகுக்காகச் செய்த வேலை அன்று. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கும் இருக்கும். பெயரை மட்டும் நம்பினால் தவறான செடியை அரைத்துக் கொடுக்க நேரிடலாம். படம் இருந்தால் இலையின் வடிவத்தையும் பூவின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அண்மைக் கால நிகழ்வு ஒன்று காட்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை எடுத்த பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணத்தைத் தேடிய மருத்துவர்கள், மாத்திரையில் சேர்க்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய வேறொரு மூலிகை சேர்ந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்துவிட்டது. மூலிகையை அடையாளம் காண்பதில் நேர்ந்த ஒரு பிழை அத்தனை பேரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது.

கண்களின் ஓவியங்கள்

சரபோஜி விட்டுச்சென்றவற்றில் மருத்துவ உலகத்தை மிகவும் வியக்க வைப்பது கண் நோயாளிகளைப் பற்றிய ஏடுகள். ஏறத்தாழ 50 நோயாளிகளின் குறிப்புகள் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நோயாளி யார், கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை தரப்பட்டது, பலன் என்ன என்பன அவற்றில் பதிவாகியுள்ளன. நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியங்களும் கூடவே இருக்கின்றன.

ஒளிப்படக் கருவி புழக்கத்துக்கு வராத காலம் அது. இன்று கண் மருத்துவர் கருவியில் படமெடுத்துக் கணினியில் சேமிப்பதை, அன்று ஓவியர் தூரிகையால் செய்தார். கண்புரைக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. ஐரோப்பிய மருத்துவர்களும் உள்ளூர் வைத்தியர்களும் அந்தப் பணியில் பங்கெடுத்தார்கள். இக்காலச் சென்னைக் கண் மருத்துவர்கள் இந்த ஏடுகளை ஆராய்ந்து, மருத்துவ ஆய்விதழில் கட்டுரையும் எழுதியிருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மருத்துவ முறைகளின் கோட்பாடுகள் வெவ்வேறு. ஒன்று வாதம், பித்தம், கபம் என்று பேசும். மற்றொன்று நரம்பு, தசை, விழிவில்லை என்று பேசும். இரண்டையும் ஒரே மொழியில் பேச வைப்பது கடினம். ஆனால் நோயாளி முன்பு எப்படி இருந்தார், பிறகு எப்படி ஆனார் என்பதை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். ஒரே ஏட்டில் எழுதலாம். சரபோஜியின் நிலையத்தில் இரு தரப்பும் சந்தித்த இடம் அந்த ஏடுதான்.

சத்திரங்களில் மருத்துவர்

அரண்மனைக்குள் சிறந்த மருத்துவம் இருந்தால் போதுமா? வழிநடைப் பயணிக்கும் ஏழைக்கும் அது எப்படிக் கிடைக்கும்? இதற்கு விடை, தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் மராட்டிய அரச குடும்பத்தினர் கட்டிய சத்திரங்களில் இருந்தது.

நிர்வாகம் கம்பெனியிடம் போனபோது சத்திரங்களின் கதி என்னவாகுமோ என்று சரபோஜி கவலைப்பட்டார். 1801இல் தஞ்சாவூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். தமக்காக அவர் எதையும் கேட்கவில்லை. சத்திரங்களின் அறப்பணி தடைபடக் கூடாது என்பதே அவருடைய வேண்டுகோள்.

அங்கே என்னென்ன நடக்கின்றன என்று அந்தக் கடிதத்தில் விவரித்தார். பல பிரிவுகளையும் சேர்ந்த யாத்திரிகர்களுக்குச் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மசாலாப் பொருள்களும் தரப்பட்டன. ஒவ்வொரு சத்திரத்திலும் பள்ளி ஆசிரியரும் மருத்துவர்களும் இருந்தார்கள். நோய்க்கும் வீக்கத்துக்கும் பாம்புக்கடி போன்ற விஷக்கடிக்கும் அவர்கள் சிகிச்சை தந்தார்கள்.

வழியில் நோயுற்றவருக்கு மருந்தும், நோய்க்கு ஏற்ற பத்திய உணவும் கொடுத்து, குணமாகும்வரை மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு இருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியரின் பொறுப்பில் வைத்து, மூன்று வேளை உணவும் நான்கு நாள்களுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும் கொடுத்து வளர்த்தார்கள். இறந்தவர்களுக்கு உரிய முறையில் ஈமக்கடன் செய்யப்பட்டது.

இன்று நாம் சமூக சுகாதாரம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவு, தூய்மை, தாய்சேய் நலம், அவசர சிகிச்சை, கல்வி ஆகிய எல்லாம் ஒரே கூரையின்கீழ். ஒரத்தநாட்டில் சரபோஜி முத்தாம்பாள் பெயரில் எழுப்பிய பெரிய சத்திரத்திலும் பள்ளியும் மருத்துவமும் அறப்பணியாகவே நடந்தன.

ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்த 1819ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் சரபோஜிதான் மன்னர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி இங்கு வந்த முன்னோர் பலர், நோயென்றால் வைத்தியரையும் சத்திரத்தையும் நாடிப் பழகிய மக்கள்.

அவருக்குப் பிறகு

1832 மார்ச் மாதம் சரபோஜி காலமானார். அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. தன்வந்திரி மகாலின் பணி தொடரவில்லை. ஓர் அரசரின் ஆர்வத்தையும் அவருடைய பணத்தையும் மட்டுமே நம்பியிருந்த நிலையம், அவர் இல்லாதபோது நிற்க முடியவில்லை. அவருடைய திட்டத்தின் பெரிய குறை அதுதான். நல்ல வேளையாக ஏடுகள் தப்பின. 1918இல் சரசுவதி மகால் பொதுமக்களுக்கான நூலகமாகியது.

பிறகு காலனி ஆட்சியில் இரு மருத்துவங்களும் தனித்தனிப் பாதையில் போயின. மேற்கத்திய மருத்துவத்துக்குக் கல்லூரியும் பட்டமும் கிடைத்தன. நாட்டு வைத்தியம் வீட்டுத் திண்ணையோடு நின்றது. அது மாறத் தொடங்கியது 1920களில். நாட்டு மருத்துவங்களை ஆராய உஸ்மான் குழுவைச் சென்னை மாகாண அரசு அமைத்தது. அதன் செயலாளரான சீனிவாசமூர்த்தி மேற்கத்திய மருத்துவம் படித்தவர். 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அவரே அதன் முதல்வரானார். 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகளும், அடிப்படைச் சுகாதாரப் பணியில் தேவைக்கேற்பப் பாரம்பரிய மருத்துவர்களுக்கும் இடமுண்டு என்று அறிவித்தன.

மீண்டும் கேலாங்

சிங்கப்பூரில் இந்தக் கதைக்குச் சொந்த அத்தியாயம் உண்டு. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருத்துவம் அளித்தது. 2000ஆம் ஆண்டில் பாரம்பரிய சீன மருத்துவர் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு சீன மருத்துவர்களும் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். 2005இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உயிர்மருத்துவ அறிவியலையும் சீன மருத்துவத்தையும் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. பொது மருத்துவமனைகள் சிலவற்றில் அக்குபஞ்சர் சிகிச்சையும் கிடைக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தெரிவுசெய்யும்படி ஊக்குவிக்கிறது.

இவ்வளவு இருந்தும், தொடக்கத்தில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. சீன மருந்துக் கடையில் கிடைக்கும் டாங் குவாய் வேரை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் சூப்பில் போட்டுக் குடித்தால், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இரண்டும் தனித்தனியே நல்ல நோக்கத்தோடு தரப்பட்டவைதான். ஆனால் ஒன்றைப் பற்றி மற்றவருக்குத் தெரியாதபோது நோயாளிதான் துன்பப்படுகிறார்.

பழைய ஏட்டை நம்புவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் உள்ள உறவை நவீன அறிவியலும் காட்டியிருக்கிறது. சீன விஞ்ஞானி து யூயூ, பழைய மருத்துவ நூல் ஒன்றில் இருந்த குறிப்பிலிருந்து வழி கண்டு, 1970களில் மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுக்கத் துணைநின்றார். 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நூலில் இருந்தது என்பதற்காக அந்த மருந்து ஏற்கப்படவில்லை. சோதனையில் தேறியதால் ஏற்கப்பட்டது.

சரபோஜி செய்ததும் அதன் எளிய வடிவமே. எந்த மருத்துவம் உயர்ந்தது என்று அவர் பட்டிமன்றம் நடத்தவில்லை. பார், கொடு, பலனை எழுது, அடுத்தவருக்குக் காட்டு என்ற ஒழுங்கை ஏற்படுத்தினார்.

நம்மிடம் அரண்மனை இல்லை. ஆனால் ஒரு தாள் இருக்கிறது. இந்த வார இறுதியில் தாத்தா, பாட்டியோடு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பலதுறை மருந்தகத்தில் தந்த மாத்திரை, கேலாங்கில் வாங்கிய வேர், லிட்டில் இந்தியாவில் வாங்கிய லேகியம், ஊரிலிருந்து வந்த சூரணம் எதையும் விட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளும் கூடப் போகட்டும். மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு அதுவே முதல் பாடமாகவும் அமையலாம்.